உள்ளங்காலில் கறுப்புக் கறை: போன் படம், ஜீன் டெஸ்ட், எதை நம்புவது?

செந்தூல்_சரவணன்
திங்கள், இரவு 11.52

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 63 வயது, 14 வருடமாக இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). வலது குதிகாலின் உட்பக்கம் ஒரு கறுப்புக் கறை. எப்போது வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. முதலில் கால் ஆணி என்று நினைத்து மருந்துக்கடையில் பிளாஸ்டர் வாங்கி ஒட்டியிருக்கிறார், அப்புறம் பக்கத்து வீட்டு அத்தை சொன்னார் என்று எருக்கம்பால். தீபாவளிக்கு மருதாணி வைத்ததில் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. மருதாணி வெளுத்தபோது இது மட்டும் வெளுக்கவில்லை. அன்றுதான் நான் தரையில் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தேன். ஐந்து காசு நாணயத்தில் பாதி இருக்கும். ஒரு ஓரம் கடுங்காப்பி நிறம், மறு ஓரம் தண்ணீர் ஊற்றிக் கலைத்த மை மாதிரி மங்கல். வலி இல்லை, அரிப்பு இல்லை.

ஆபீஸ் நண்பர் ஒரு தனியார் லேபின் விளம்பரத்தை அனுப்பினார். எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் தோல் புற்றுநோய்க்கான ஜீன்களைப் பார்த்துச் சொல்வார்களாம், 1,290 ரிங்கிட். கூடவே போனில் படம் எடுத்தால் ஏஐ சொல்லும் ஆப், அது இலவசம். ஆப்பில் போட்டேன், 'குறைந்த ஆபத்து' என்றது. சமையலறை டியூப்லைட்டில் மறுபடி எடுத்தேன், அதே கால், 'நடுத்தர ஆபத்து' என்றது. தோலைப் படம் எடுப்பதையும் ஜீன் டெஸ்டையும் சேர்த்துச் செய்தால் மெலனோமா என்ற தோல் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிக்கலாம் என்று வெளிநாட்டுக் கட்டுரைகளில் படித்தேன். அப்படியானால் இந்த பேக்கேஜ் வாங்குவது சரியா? அம்மாவிடம் ஆஸ்பத்திரி என்ற பேச்சையே எடுக்க முடியவில்லை, "காலை வெட்டிடுவானுங்கடா" என்கிறார். வீட்டிலேயே துப்பி அனுப்புகிற டெஸ்ட் என்றால் சம்மதிப்பார்.

மச்சக்காரன்77
திங்கள், இரவு 11.58

உள்ளங்காலில் மச்சம் என்றால் கடல் கடந்து போகும் யோகம் அண்ணே, மச்ச சாஸ்திரத்திலேயே இருக்கிறது. அம்மாவுக்கு பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள்.

பட்டர்வொர்த்_பவானி
செவ்வாய், காலை 6.10

மச்சக்காரா, நேரம் காலம் பார்த்து விளையாடு தம்பி.

சரவணன், நான் 31 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், அதில் கடைசி ஒன்பது வருடம் கால் புண் கிளினிக். எங்களிடம் வருகிற பாதிப் பேர் நம்மவர்கள்தான். இனிப்பு நீர்க்காரரின் காலில் எது வந்தாலும் அது இனிப்பு நீர் புண் என்று எழுதிவிடுகிற பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது, அதுதான் எனக்குப் பயம். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா அபூர்வம், உண்மை. ஆனால் வந்தால் எங்கே வருகிறது என்று பாருங்கள்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். வெயிலே படாத இடங்கள். வெள்ளைக்காரர்களுக்கு வருகிற மெலனோமாவில் இந்த வகை நூற்றுக்கு இரண்டு மூன்றுதான், ஆசியர்களில் பாதிக்குப் பக்கம். அக்ரல் மெலனோமா என்று பெயர்.

பேக்கேஜ் வாங்க வேண்டாம் என்று மட்டும் இப்போதைக்குச் சொல்கிறேன். காரணத்தை விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நீங்கள் நாளைக்கே அம்மாவைப் பக்கத்து அரசாங்க சுகாதார கிளினிக்குக் கூட்டிப் போங்கள். தோல் ஸ்பெஷலிஸ்டுக்கு ரெஃபர் லெட்டர் கேளுங்கள். லெட்டரில் 'காலில் கறை' என்று எழுதினால் அப்பாயின்ட்மென்ட் எப்போது வருமோ, 'நிறம் மாறுகிறது, மெலனோமா சந்தேகம்' என்று எழுதச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

மைக்ரோடோம்
செவ்வாய், காலை 8.35

கோலாலம்பூரில் ஒரு பேதாலஜி லேபில் திசு வெட்டுவது என் வேலை. டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜீன் டெஸ்ட் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சாமான்கள் இருக்கின்றன, குழப்பம் அங்கேதான்.

எச்சிலில் பார்ப்பது நாம் பிறக்கும்போதே கொண்டுவந்த ஜீன்களை. ஒரே குடும்பத்தில் மூன்று பேருக்கு மெலனோமா என்றால் சிடிகேஎன்2ஏ என்ற ஜீனைப் பார்ப்பார்கள், 1994இல் அடையாளம் கண்டது. அதில் கோளாறு இருந்தால் மெலனோமாவோடு கணையப் புற்றுநோய்க்கும் வாய்ப்பு கூடுதல். எம்சி1ஆர் என்று இன்னொன்று, அது செம்பட்டை முடி, வெயிலில் சிவந்துபோகிற தோல் உள்ளவர்களின் கதை. இதெல்லாம் 'இந்த ஆளுக்கு என்றைக்காவது வரலாமா' என்ற கேள்விக்கு. 'குதிகாலில் இருக்கிற இந்தக் கறை என்ன' என்ற கேள்விக்கு எச்சிலில் பதில் கிடையாது. வானிலை அறிக்கையைப் படித்துவிட்டு நம் வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்று முடிவு செய்கிற மாதிரி ஆகிவிடும். அதிலும் அக்ரல் மெலனோமா பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. ஆக, ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சையாக வந்து, அம்மா நிம்மதியாக இன்னும் ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டால்? 1,290 ரிங்கிட் போனது பெரிதில்லை.

இரண்டாவது, கறையின் மேலேயே ஒட்டி உரிக்கிற ஸ்டிக்கர். நீங்கள் படித்த கட்டுரைகள் அநேகமாக இதைப் பற்றித்தான் இருக்கும். அமெரிக்காவில் டெர்ம்டெக் என்ற கம்பெனி கொண்டுவந்தது. ஸ்டிக்கரோடு மேல்தோல் செல்கள் வரும், அதில் உள்ள ஆர்என்ஏவை (ஜீன் வேலை செய்யும்போது உண்டாகிற நகல்) எடுத்து பிரேம், லின்க்00518 என்ற இரண்டு ஜீன்கள் முழித்துக்கொண்டு இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். கத்தி இல்லை, ஊசி இல்லை. 2017இல் வந்த ஆய்வில் நூறு மெலனோமாவில் 91ஐப் பிடித்தது. மெலனோமா இல்லாத நூறில் 69ஐத்தான் சரியாக 'இல்லை' என்றது. நல்ல யோசனை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த டெஸ்டின் விதியிலேயே உள்ளங்கை, உள்ளங்கால், நகம் இவற்றில் செய்யக்கூடாது என்று இருக்கிறது. உள்ளங்காலின் மேல் அடுக்கு அவ்வளவு தடிப்பு, ஸ்டிக்கரில் வருவது வெறும் செத்த தோல், விஷயம் அதற்கு எவ்வளவோ கீழே இருக்கிறது. நம்மவர்களுக்கு வருகிற இடம் எதுவோ சரியாக அந்த இடத்தை விட்டுவிட்டு மீதி உடம்புக்கு எல்லாம் செய்கிற டெஸ்ட். போதாததற்கு அந்தக் கம்பெனியும் 2024 ஜூனில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

மூன்றாவது வெட்டி எடுத்த திசுவில் செய்வது. அதைப் பற்றி அப்புறம், இப்போது வேலை இருக்கிறது.

கோட்_கிட்டு
செவ்வாய், மதியம் 1.20

ஜீன் பற்றிச் சொன்னது சரி. ஆனால் படத்தையும் சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். நான் இமேஜ் சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். 2017இலேயே ஸ்டான்ஃபோர்டில் 1,29,450 படங்களை வைத்துப் பழக்கிய ஏஐ மாடல் 21 தோல் டாக்டர்களுக்குச் சமமாக நின்றது, நேச்சர் இதழில் வந்தது. ஆஸ்திரேலியாவில் 92 கேமரா பொருத்திய கூண்டு இருக்கிறது, ஆள் நடுவில் நின்றால் ஒரே நொடியில் உடம்பு முழுக்க எடுத்து முப்பரிமாண உருவமாக்கிவிடும். ஆறு மாதம் கழித்து மறுபடி நின்றால் எந்த மச்சம் புதுசு, எது வளர்ந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆயிரம் மச்சத்தை எந்த டாக்டர் ஞாபகம் வைத்திருப்பார்? எதிர்காலம் இதுதான்.

பட்டர்வொர்த்_பவானி
செவ்வாய், மதியம் 2.05

கிட்டு தம்பி, ஒரே ஒரு கேள்வி. அந்தக் கூண்டில் ஆள் நிற்கிறார் என்றால் உள்ளங்கால் எங்கே இருக்கும்?

கோட்_கிட்டு
செவ்வாய், மதியம் 2.31

...தரையில்.

சரி அக்கா. ஒத்துக்கொள்கிறேன். காலைத் தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

மைக்ரோடோம்
செவ்வாய், இரவு 9.15

கிட்டு, அந்த 1,29,450 படங்களில் சரவணன் அம்மாவின் கால் மாதிரி எத்தனை இருந்திருக்கும்? அதே ஸ்டான்ஃபோர்டில் இருந்து 2022இல் வேறொரு குழு 656 படங்களைச் சேர்த்தது, வெளிர், இடைநிலை, கறுத்த தோல் எல்லாம் கலந்து, ஒவ்வொன்றும் பயாப்சியில், அதாவது திசுவை வெட்டி எடுத்துப் பார்த்து, உறுதி செய்தது. அதில் பெயர் பெற்ற மாடல்களை ஓட்டினால் மொத்தமாகவே சறுக்கின, கறுத்த தோலில் இன்னும் மோசம். போன் ஆப்கள் பற்றி 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வும் இவற்றை நம்பி எல்லா மெலனோமாவையும் பிடிக்க முடியாது என்றுதான் முடித்தது. சரவணனுக்கு லைட்டை மாற்றியதும் பதில் மாறியதே, அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்.

படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறு மாதிரிப் படம் வேண்டும். டெர்மாஸ்கோப் என்று உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு லென்ஸ், பத்து மடங்கு பெரிதாக்கும், துருவப்படுத்திய வெளிச்சம் மினுமினுப்பை நீக்கிவிட்டு தோலுக்குள் கொஞ்சம் காட்டும். நம் கால்ரேகையை உற்றுப் பாருங்கள், மேடும் பள்ளமும் மாறி மாறி ஓடும், உழுத வயல் மாதிரி. சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் கோடு கோடாகப் படிந்திருக்கும். மெலனோமா மேட்டில் படியும். ஜப்பானில் தொஷியாகி சைதா என்ற தோல் டாக்டரின் குழு இதைப் பல வருடம் பார்த்து 2004இல் கணக்குக் கொடுத்தது: மேட்டில் நிறம் என்ற அடையாளம் அக்ரல் மெலனோமாவில் நூற்றுக்கு 86ஐப் பிடிக்கிறது, மெலனோமா இல்லாததில் 99ஐச் சரியாக விட்டுவிடுகிறது. எந்த ஸ்டிக்கரும் இந்த இடத்தில் இதற்குப் பக்கத்தில் வரவில்லை, ஒரு லென்ஸும் பழகின கண்ணும் போதும்.

ஜெலுத்தோங்_ஜெயா
செவ்வாய், இரவு 10.40

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். என் தாய்மாமா பினாங்கு துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கால் பெருவிரல் நகத்தில் கறுப்பாக ஒரு கோடு. இரும்புக் குழாய் விழுந்து ரத்தம் கட்டியது என்று அவரே சொல்லிக்கொண்டார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வெறுங்காலோடு ஏறினார், இறங்கி வந்தபோது நகத்தோரம் கசிந்தது. ஒரு கிளினிக்கில் நகச்சுத்தி என்று ஆன்டிபயாடிக், இன்னொரு கிளினிக்கில் பூஞ்சை என்று களிம்பு, அப்படியே ஒன்றரை வருடம். யாரும் நகத்தடியில் இருந்து ஒரு துளி எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்தபோது தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. இரண்டு வருடத்தில் போய்விட்டார்.

பாப் மார்லிக்கும் இதேதான் என்று பின்னால்தான் தெரிந்தது. 1977இல் கால்விரல் நகத்தடியில் கண்டுபிடித்தார்கள், 1981 மே மாதம் போய்விட்டார், வயது 36. அவருக்கும் பந்து விளையாடியதில் பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார்கள்.

ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர முன்னால் நகர வேண்டும் இல்லையா? மாமாவின் கோடு நகரவே இல்லை, அகலம்தான் ஆனது. எங்களுக்கு அது தெரியாமல் போனது.

பட்டர்வொர்த்_பவானி
புதன், காலை 6.22

ஜெயா, மனசு கஷ்டமாக இருக்கிறது மா.

இதைப் படிக்கிறவர்கள் எல்லாரும் இன்றைக்கு ராத்திரி நகத்தைப் பார்த்துப் பயந்துபோகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நம் தோல் நிறத்துக்கு நகத்தில் பழுப்புக் கோடுகள் சகஜம், அதுவும் நாலைந்து விரல்களில் மெல்லிசாக இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. ஒரே ஒரு நகத்தில் மட்டும், பெரியவர்களுக்குப் புதிதாக வந்து, மூன்று மில்லிமீட்டரைத் தாண்டி அகலமாகிக்கொண்டு போகிறது, அல்லது கறுப்பு நகத்தை விட்டு வெளியே, நகத்தைச் சுற்றியுள்ள தோலில் கசிந்து நிற்கிறது என்றால் அன்றைக்கே போங்கள். அப்படித் தோலில் கசிவதை ஹட்சின்சன் அடையாளம் என்பார்கள்.

செந்தூல்_சரவணன்
வியாழன், இரவு 10.05

எல்லாருக்கும் நன்றி. பேக்கேஜ் வாங்கவில்லை. கிளினிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண், காலைத் தன் மடிமேல் வைத்துப் பார்த்தார். அம்மாவுக்கு அதுவே பெரிய சங்கடம், "ஐயோ வேணாம் மா, கால் அழுக்கு" என்று இழுத்துக்கொண்டே இருந்தார். பவானி அக்கா சொன்ன வாசகத்தை லெட்டரில் அப்படியே கேட்டேன், ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு எழுதிக்கொடுத்தார். ஸ்பெஷலிஸ்டுக்கு இரண்டாம் வாரம் தேதி கிடைத்திருக்கிறது.

ஒரு சந்தேகம். படத்தையும் ஜீனையும் சேர்ப்பது என்ற யோசனையே அப்போது பொய்யா? இல்லை நமக்கு மட்டும்தான் பொருந்தாதா?

கோட்_கிட்டு
வியாழன், இரவு 11.30

பொய் இல்லை அண்ணே, கணக்குப் போட்டால் புரியும். ஸ்டிக்கர் டெஸ்டையே எடுத்துக்கொள்வோம், 91, 69. ஆயிரம் கறைகள், அதில் பத்துதான் உண்மையில் மெலனோமா என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒன்பதைப் பிடிக்கும். மீதி 990இல் 307 பேருக்கு வீணாக 'பாசிட்டிவ்' சொல்லும். ஆக 316 பேர் பயந்துகொண்டு வருவார்கள், அதில் நோய் ஒன்பது பேருக்கு. எந்த ஆஸ்பத்திரி தாங்கும்?

இப்போது முதலில் டெர்மாஸ்கோப் பார்த்து, சந்தேகமானவற்றை மட்டும் ஸ்டிக்கருக்கு அனுப்பினால், அப்படி வடிகட்டி அனுப்பிய ஆயிரத்தில் நூறு மெலனோமா இருக்கும் என்று வைப்போம். 91ஐப் பிடிக்கும், வீணாக 279. பாசிட்டிவ் 370 பேரில் 91 பேர், நாலில் ஒருவருக்கு உண்மை. இதுதான் சேர்ப்பதன் அர்த்தம். படம் வடிகட்டி, ஜீன் அதற்கு அடுத்த வடிகட்டி. இரண்டையும் ஒரே பாக்கெட்டில் போட்டு இஷ்டப்பட்டவருக்கு எல்லாம் விற்பது சேர்ப்பது இல்லை, பாசார் மாலாம் (இரவுச் சந்தை) வியாபாரம்.

நேற்று வரை நானும் ஆப் பக்கம் பேசினேன், தெரியும். பவானி அக்காவின் கேள்வி இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை.

மைக்ரோடோம்
வெள்ளி, காலை 7.50

கிட்டு கணக்கு சரி. இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும், அந்த வடிகட்டியிலும் நூறு மெலனோமாவில் ஒன்பது நழுவுகிறது. அதனால் கண்ணுக்கும் லென்ஸுக்கும் மோசமாகத் தெரிவதை எந்த ஜீன் டெஸ்ட் 'பரவாயில்லை' என்றாலும் விடக்கூடாது.

எல்லா ஜீனும் காட்டிக்கொடுக்கிற ஜீன் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். பிராஃப் என்ற ஜீனில் ஒரு மாற்றம், வெள்ளைக்காரர்களின் தோல் மெலனோமாவில் சுமார் பாதியில் இருக்கிறது, அதற்கு மாத்திரையே இருக்கிறது. ஆனால் ஒரு கெடுதலும் செய்யாத சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றிலும் அதே மாற்றம் இருக்கிறது. அதை மட்டும் பார்த்துப் புற்று என்றால் ஊரில் பாதிப் பேரை வெட்டவேண்டும். அக்ரல் வகையில் பிராஃப் குறைவு, கிட் என்ற வேறொரு ஜீன் சிலருக்கு மாறியிருக்கும்.

மூன்றாவது வகையைப் பாக்கி வைத்திருந்தேன். பயாப்சி திசு எங்கள் மேஜைக்கு மெழுகுக் கட்டியாக வரும். நாலு மைக்ரான் தடிப்பில் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்துவோம். அதில் பிரேம் புரதத்துக்கு ஒரு சாயம் போடலாம், 2018க்குப் பிறகு பரவலானது. ஸ்டிக்கர் தேடுகிற அதே பிரேம்தான். சாதாரண மச்சத்தில் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும், மெலனோமா என்றால் செல்லின் நடுக்கரு ஒவ்வொன்றும் பொட்டு வைத்தது போல் நிறம் பிடித்து நிற்கும். உள்ளங்கால் வகையிலும் பெரும்பாலும் வேலை செய்கிறது. ஜீன் அறிவு நம் காலுக்கு வருகிற வழி இதுதான், ஸ்டிக்கரும் இல்லை எச்சிலும் இல்லை.

செந்தூல்_சரவணன்
இரண்டு வாரம் கழித்து, புதன், மாலை 6.45

இன்று போய்வந்தோம். நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஸ்பெஷலிஸ்ட் முதலில் கேட்டது மருதாணி வைத்தீர்களா என்று. மருதாணி, தலைமுடிச் சாயம் மாதிரி வெளிநிறம் பட்டாலும் மேட்டில் நிறம் படிந்து ஏமாற்றுமாம், ரத்தக்கட்டும் அப்படியேதானாம். ஒரு பிளேடால் மேல்தோலை லேசாகச் சுரண்டிப் பார்த்தார், நிறம் போகவில்லை. அப்புறம் செய்ததுதான் எனக்கு வேடிக்கை. வெள்ளைப் பலகையில் எழுதுகிற பச்சை மார்க்கரை எடுத்துக் கறைமேலும் சுற்றிலும் தேய்த்தார். பஞ்சால் துடைத்தார். மேட்டில் இருந்த மை போய்விட்டது, பள்ளத்தில் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தங்கியது. லென்ஸை வைத்து, திரையில் என்னிடம் காட்டினார். பச்சைக் கோடு, அடுத்து பட்டையாகப் பழுப்பு, மறுபடி பச்சைக் கோடு, மறுபடி பழுப்பு. அந்தப் பழுப்புப் பட்டையின் நடுவில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் சரம் கோத்த மாதிரி, வியர்வைத் துளைகளாம், அவை மேட்டில்தான் இருக்குமாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மைக்ரோடோம் எழுதியதைப் படித்திருந்ததால் எனக்கே தெரிந்துவிட்டது, பழுப்பு மேட்டில் இருக்கிறது.

அளந்தார், ஒன்பது மில்லிமீட்டர். ஏழுக்கு மேல் போனாலே ஜாக்கிரதை என்றார். முழுசாக எடுத்து பயாப்சிக்கு அனுப்ப வேண்டும், அடுத்த வாரம்.

வீட்டுக்கு வந்தால் பெரியம்மா போன் செய்து "கத்தி பட்டா பரவிடும், விடாதே" என்கிறார். அம்மா மறுபடி பின்வாங்குகிறார்.

பட்டர்வொர்த்_பவானி
புதன், இரவு 7.30

இதே வாசகத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பயாப்சி செய்ததால் மெலனோமா பரவியதாக எந்த ஆதாரமும் கிடையாது. கத்தி பட்டதும் பரவியது என்று ஊரில் சொல்கிற கதைகளில், கத்தி பட்டபோதே முற்றியிருந்தது, அதுதான் உண்மை. அம்மாவிடம் 'காலை வெட்டாமல் இருக்கத்தான் இதை வெட்டுகிறார்கள்' என்று சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் என் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், நானே பேசுகிறேன்.

வெட்டுகிற நாளுக்கு முன் சர்க்கரை அளவைக் கவனியுங்கள், குதிகால் காயம் ஆற நாளாகும்.

மச்சக்காரன்77
புதன், இரவு 8.12

அண்ணே, முதல் நாள் நான் எழுதியதற்கு மன்னிக்கவும். இதைப் படித்துவிட்டு எங்கள் அப்பா காலைப் பார்க்கலாம் என்று போனேன், லாரி ஓட்டுகிறவர், 'என்னடா திடீர்னு பாதபூஜை' என்கிறார். ஒன்றும் இல்லை, வெடிப்புதான்.

செந்தூல்_சரவணன்
மூன்று வாரம் கழித்து, வெள்ளி, இரவு 9.20

ரிப்போர்ட் வந்துவிட்டது. மெலனோமாதான். ஆனால் மேல்தோலைத் தாண்டிக் கீழே இறங்கவில்லை, ஆரம்ப நிலையிலும் ஆரம்பம். ரிப்போர்ட்டில் ஒரு வரி 'பிரேம் பாசிட்டிவ்' என்று இருந்தது, மைக்ரோடோம் அண்ணன் ஞாபகம் வந்தது. முதலில் எடுத்த இடத்தைச் சுற்றி இன்னும் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் எடுக்க வேண்டும், தொடையில் இருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். கீமோ இல்லை, வேறு ஒன்றும் இல்லை, தொடர்ந்து பரிசோதனைக்கு மட்டும் வரவேண்டும்.

தங்கச்சியும் நானும் அந்த எச்சில் டெஸ்ட் செய்ய வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன். குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாததால் தேவையில்லை, அதற்குப் பதில் குளித்தபின் காலைப் பார்க்கும் பழக்கம் வையுங்கள் என்றார்.

அம்மா கேட்ட முதல் கேள்வி, அடுத்த தைப்பூசத்துக்குப் பத்துமலைப் படி ஏறலாமா என்று.

மைக்ரோடோம்
வெள்ளி, இரவு 9.48

கீழே இறங்காத நிலை என்றால் அதுதான் நாங்கள் கண்ணாடியில் பார்க்க ஆசைப்படுகிற ரிப்போர்ட். சந்தோஷம்.

படி விஷயத்தை டாக்டர் சொல்லட்டும். எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் வைக்கிறேன்: 2016இல் ஜப்பானிய டாக்டர்கள் உள்ளங்கால் மெலனோமா எந்த இடத்தில் வருகிறது என்று வரைபடம் போட்டபோது, நடக்கும்போது எடை அழுந்துகிற இடங்களோடு அது ஒத்துப்போனது. அழுத்தம்தான் காரணம் என்று நிரூபணம் ஆகிவிடவில்லை. வெறுங்காலோடு நடந்ததால் வந்தது என்று அம்மாவை யாரும் குறை சொல்லவேண்டாம்.

ஜெலுத்தோங்_ஜெயா
வெள்ளி, இரவு 10.15

சரவணன், ரொம்ப சந்தோஷம். மாமாவை நினைத்துக்கொண்டேன்.

செந்தூல்_சரவணன்
சனி, காலை 11.00

ஆபரேஷன் 19ஆம் தேதி. ஆறு வாரம் குதிகால் தரையில் படக்கூடாதாம். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் குதிகாலில் எடை விழாதபடி செருப்பு செய்து தருகிறவர் யாராவது தெரியுமா? அம்மா ரப்பர் சிலிப்பரைத் தவிர எதையும் போடமாட்டேன் என்கிறார்.

பட்டர்வொர்த்_பவானி
சனி, காலை 11.18

கடைக்குப் போகாதீர்கள். ஆஸ்பத்திரியிலேயே ரீஹேப் பிரிவு இருக்கும், ஆபரேஷனுக்கு முன்பே கால் அளவு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், பின்பு கேட்டால் கட்டுப் போட்ட காலை அளக்க முடியாது. வாக்கரையும் இப்போதே வாங்கி வீட்டில் பழகவிடுங்கள். குளியலறை வாசலில் படி இருக்கிறதா?

செந்தூல்_சரவணன்
சனி, காலை 11.25

இருக்கிறது அக்கா. அரை அடி.